சும்மா நிக்குற கார்ல பேட்டரி ஏன் இறங்குது, இறங்காம எப்படிப் பாத்துக்கிடுதது

நம்ம திருநெல்வேலி பக்கம் தெருவுக்கு ரெண்டு மூணு கார் சும்மாவேதான் நிக்கும். மகன் மஸ்கட்லயோ துபாய்லயோ இருப்பான், இல்லன்னா சென்னை பெங்களூர்ல ஐடில இருப்பான், லீவுக்கு வந்தா ஓட்டணும்னு வாங்கிப் போட்டது, தீவாளிக்கும் ஊர்க் கொடைக்கும் குற்றாலம் சீசனுக்கும் வெளிய எடுப்பாங்க, மத்த நாள் பூரா ஷெட்ல கவர் போட்டுக் கெடக்கும். பொறவு மகன் வந்து இறங்கி குளிச்சு முடிச்சு, திருச்செந்தூர் போயிட்டு வந்துருவோம்னு குடும்பத்தோட ஏறி உக்காந்து சாவியத் திருப்புனா டிக் டிக் டிக்னு ஒரு சத்தம், மீட்டர்ல லைட்டெல்லாம் மங்கி அணைஞ்சிரும், அவ்ளோதான். ஓடாத வண்டில பேட்டரி எப்படிலே தீரும்னு அப்பா கேப்பாரு. நியாயமான கேள்விதான். வண்டி ஓடாம இருக்கதுனாலதான் தீருது, அது எப்படின்னு ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லிப் பாக்கேன்.

மொதல்ல அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோம். 12 வோல்ட் பேட்டரின்னு சொன்னாலும் உள்ள 6 செல் இருக்கும், ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட் கணக்கு, ஆக முழுசா சார்ஜ் ஏறி சும்மா இருக்க பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஒவ்வொரு செல்லுலயும் ஈயத்தால செஞ்ச பிளேட்டு, அது முங்குற அளவுக்கு தண்ணி கலந்த சல்ஃப்யூரிக் ஆசிட். 1859-ல காஸ்டன் பிளாண்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்ச சாமான், இன்னைக்கு வரைக்கும் அடிப்படை மாறவே இல்ல, வண்டில டச் ஸ்கிரீன் வந்துட்டு சன்ரூஃப் வந்துட்டு, பேட்டரி மட்டும் அப்படியே கெடக்கு. கரண்ட் எடுக்க எடுக்க ஆசிட்ல உள்ள சல்ஃபேட் போயி பிளேட்ல படியும், திரும்ப சார்ஜ் ஏத்துனா அது கரைஞ்சு ஆசிட்டுக்கே போயிரும். இந்தப் போக்குவரத்து ஒழுங்கா நடக்க வரைக்கும் பேட்டரி நல்லா இருக்கும். ஆனா சார்ஜ் இறங்குன நிலையிலயே வாரக்கணக்குல போட்டு வச்சா படிஞ்சது இறுகிப் போயி கல்லு மாதிரி ஆயிரும், அதுக்கப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாக் கரையாது. பேட்டரிக் கடைல "பிளேட்டு போயிட்டு அண்ணாச்சி"ன்னு சொல்லுதாங்கல்லா, பாதி நேரம் இதத்தான் சொல்லுதாங்க. அதனால பேட்டரி ஒருதடவ டவுன் ஆனா திரும்ப சார்ஜ் போட்டாப் போச்சுன்னு நெனைக்காதீங்க, ஒவ்வொரு தடவ அடிமட்டத்துக்குப் போகும்போதும் அதோட ஆயுசுல கொஞ்சம் போயிட்டுன்னுதான் அர்த்தம்.

அடுத்து பேட்டரி மேல ஒட்டியிருக்க ஸ்டிக்கரப் பாருங்க, 35 ஆம்பியர் அவர்னு போட்டிருக்கும், சின்ன பெட்ரோல் காருக்கெல்லாம் அந்த சைஸ்தான், டீசல் வண்டின்னா 60, 70னு பெரிசா இருக்கும். இத மொட்டமாடித் தண்ணி டேங்க் மாதிரி வச்சுக்கிடுங்க, 35 குடம் பிடிக்குற டேங்க். 1 ஆம்பியர் கரண்ட்ட 1 மணி நேரம் எடுத்தா ஒரு குடம் காலி. வண்டி ஸ்டார்ட் பண்ணும்போது செல்ஃப் மோட்டார் 100, 150 ஆம்பியருக்கு மேல இழுக்கும், கேக்க பயமா இருக்கும், ஆனா அது ரெண்டு செகண்டுதான், கணக்குப் போட்டா கால் குடம்கூட வராது. டேங்க்கக் காலி பண்ணுதது அது இல்ல. யாரும் பாக்காத எடத்துல சொட்டு சொட்டா ஒழுகுற குழாய் ஒண்ணு இருக்கு, அதுதான்.

சாவிய உருவி எடுத்துட்டா வண்டி ஆஃப்னு நெனைக்கோம். ஆஃப் இல்ல. ரிமோட்ட அமுக்குனா கதவு தெறக்கணும்னா அந்த சிக்னலுக்காக ஒரு சர்க்யூட் ராத்திரி பகலா காத்துக்கிட்டே இருக்கணும், கடிகாரம் ஓடணும், ஸ்டீரியோ நீங்க கடைசியா வச்ச ஸ்டேஷன ஞாபகம் வச்சிருக்கணும், அலாரம் முழிச்சிருக்கணும், இஞ்சின் கம்ப்யூட்டர் அதோட மெமரிய காப்பாத்தணும். ஒவ்வொண்ணும் தம்மாத்தூண்டு கரண்ட்டுதான், எல்லாம் சேந்தா 20-ல இருந்து 50 மில்லி ஆம்பியர் (1000 மில்லி சேந்தாத்தான் 1 ஆம்பியர்) வரைக்கும் வரும், அது எல்லா வண்டிலயும் உள்ளதுதான், கோளாறு இல்ல. 40 மில்லி ஆம்பியர்னு வச்சுக்கிட்டா 24 மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 1 ஆம்பியர் அவர், நாளைக்கு ஒரு குடம். 35 குடம்தான் மொத்தமே. பதினஞ்சு இருவது நாள்ல பாதி போயிரும், பாதிக்குக் கீழ போன பேட்டரி செல்ஃப் அடிக்கும்னு நம்பி வெளிய கெளம்ப முடியாது, அதுவும் பழைய பேட்டரின்னா சந்தேகமே வேண்டாம். அப்பங்காலத்து அம்பாசிடர்ல எல்லாம் இந்தத் தொல்லை கம்மி, ஏன்னா முழிச்சிருக்கதுக்கு அதுல ஒண்ணுமே கெடையாது.

இது கம்பெனில இருந்து வந்த வண்டியோட கணக்கு. நாம மேல மாட்டுதது தனி. ஜிபிஎஸ் டிராக்கர், வெளிய போட்ட ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, சப் ஊஃபர் ஆம்ப்ளிஃபையர், பார்க்கிங்லயும் ரெக்கார்ட் பண்ணுத டேஷ்கேம், இதெல்லாம் சாவி போட்டா மட்டும் வர்ற வயர்ல குடுக்கணுமா எப்பவும் கரண்ட் வர்ற வயர்ல குடுக்கணுமான்னு மாட்டுத ஆள் யோசிக்கணும், பல பேரு யோசிக்கதே இல்ல, எந்த வயர் கைக்குச் சிக்குதோ அதுல முறுக்கி டேப்பச் சுத்திவிட்டு போயிருதாங்க. பார்க்கிங் மோட்ல ஓடுற டேஷ்கேம் மட்டுமே 200, 300 மில்லி ஆம்பியர் குடிக்கும், அத விட்டுட்டு வெளியூர் போனா ஒரு வாரத்துக்கே பேட்டரி மல்லாந்துரும். ஏதாவது புதுசா மாட்டுன பொறவுதான் பேட்டரி அடிக்கடி இறங்குதுன்னா வேற எங்கயும் தேட வேண்டாம், மொதல்ல அத கழட்டிப் பாருங்க.

இன்னொரு திருடன் டிக்கி லைட். கதவு லைட் எரிஞ்சா வெளிய இருந்து தெரியும், டிக்கிக்குள்ள எரியுதது யாருக்குத் தெரியும்? டிக்கி மூடியும் சுவிட்ச் சரியா அமுங்கலன்னா 5 வாட் பல்பு ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே கெடக்கும், அது 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 10 ஆம்பியர் அவர், ரெண்டே நாள்ல சோலி முடிஞ்சிரும். கண்டுபிடிக்க சுலபமான வழி, போன்ல வீடியோ ரெக்கார்ட் ஆன் பண்ணி டிக்கிக்குள்ள வச்சு மூடுங்க, கொஞ்ச நேரம் கழிச்சுத் தெறந்து எடுத்துப் பாருங்க. மூடுன உடனே படம் இருட்டாயிட்டா சரி, உள்ள கெடக்க ஸ்டெப்னி ஜாக்கியெல்லாம் பளிச்னு தெரிஞ்சா ஆளு அகப்பட்டுட்டான். முன்னாடி சீட்டுக்கு எதுக்க இருக்க டப்பாலயும் சில வண்டில லைட் இருக்கும், அதையும் இதே மாதிரி பாத்துக்கிடலாம்.

பட்டன் ஸ்டார்ட் வண்டி வச்சிருக்கவங்க சாவிய எங்க வைக்கீங்கன்னு பாருங்க. ஷெட்டும் முன்ரூமும் ஒட்டி இருக்க வீட்ல, வாசல்கிட்ட ஆணில சாவிய மாட்டுனா சாவியும் வண்டியும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டே இருக்க வாய்ப்பு இருக்கு, வண்டி தூங்கவே போகாது, சாவிக்குள்ள இருக்க செல்லும் சேந்து தீரும். உள்ரூம் பீரோல வச்சிருங்க, தீந்தது.

இப்ப முக்கியமான எடத்துக்கு வாரேன், இதச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுனது. பெருமாள்புரத்துல எங்க பெரியப்பா ஒருத்தர் இருக்காரு, வெள்ளிக்கிழமை காலைல பூ போட்டு சாம்பிராணி காட்டிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் உறும விட்டு ஆஃப் பண்ணுவாரு. "சும்மா இருந்தா பேட்டரி போயிரும்லா, அதான் வாரம் தவறாம சார்ஜ் ஏத்துதேன்"னு சொல்லுவாரு. "பெரியப்பா, அஞ்சு நிமிஷத்துல எவ்வளவு ஏறும்னு நெனைக்கீங்க?"ன்னு கேட்டா, "ஏதோ ஏறும்டே, ஏறாம எங்க போவும்"னு பதில். ஏறும்தான், இல்லன்னு சொல்லல, எவ்வளவுங்கதுதான் கேள்வி. ஒரே எடத்துல நின்னு ஐடில்ல ஓடும்போது டைனமோ (இஞ்சினோட சேந்து சுத்தி கரண்ட் உண்டாக்கி பேட்டரிய ஏத்துற சாமான்) பையத்தான் சுத்தும், அது குடுக்க கரண்ட்ல இஞ்சினுக்கு வேண்டியது, ஃபேனுக்கு வேண்டியது எல்லாம் போக மிச்சம்தான் பேட்டரிக்கு. சுமாரா 8 ஆம்பியர் பேட்டரிக்குப் போகுதுன்னே தாராளமா வச்சுக்கிட்டாலும் அஞ்சு நிமிஷத்துல முக்கா குடம்கூட ஏறாது. வாரம் பூரா ஒழுகுனது 7 குடம். ஆக வாராவாரம் 6 குடம் நஷ்டத்துல போய்க்கிட்டு இருக்கு, சாம்பிராணி மட்டும்தான் ஒழுங்கா நடக்கு. ஸ்டார்ட் பண்ணுததுலதான் பேட்டரி தீருதுன்னு சில பேரு சொல்லுதாங்க, அது சரியில்ல, ஸ்டார்ட்டுக்குப் போறது கொஞ்சம்தான்னு மேலயே பாத்தோம். எடுத்தது அதிகம்ங்கது இல்ல பிரச்சினை, திருப்பி வச்சது பத்தல. போதாக்குறைக்கு அஞ்சு நிமிஷம் மட்டும் ஓடி ஆஃப் ஆனா இஞ்சினும் முழுசா சூடாகாது, சைலன்சருக்குள்ள தண்ணி நிக்கும், ஆயிலுக்கும் நல்லது இல்ல. அதுக்கு ஸ்டார்ட்டே பண்ணாம விட்டுரலாம்.

அப்ப என்னதான் செய்யணும்னா ரெண்டுல ஒண்ணு. ஓட்டுங்க, இல்லன்னா கழட்டுங்க.

ஓட்டுததுன்னா பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போயி காய்கறி வாங்கிட்டு வாரது கணக்குல வராது. பத்து நாளைக்கு ஒருக்கா, மிஞ்சிப் போனா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, முக்கா மணி நேரத்துக்குக் குறையாம ஒரே ஓட்டமா ஓட்டணும். நமக்கு ரோட்டுக்கு என்ன பஞ்சம், நாலுவழிச்சாலைல ஏறி நாங்குநேரி வரைக்கும் போயி ஒரு டீயக் குடிச்சுட்டுத் திரும்பினா 60 கிலோமீட்டர் ஆயிரும், பேட்டரியும் ஏறும் டயரும் உருளும் பிரேக்குல பிடிச்ச துருவும் போவும். பகல்ல போங்க, ஹெட்லைட்டும் ஏசியும் ஃபுல்லா ஓடாம இருந்தா பேட்டரிக்கு இன்னும் கொஞ்சம் கூட ஏறும், அதுக்காக மே மாசத்துல ஏசி இல்லாம போயி மயங்கி விழுந்துராதீங்க. வண்டிய எடுக்கத் தெரிஞ்ச ஆள் வீட்ல இருந்தா இதவிட நல்ல வைத்தியம் கெடையாது.

வீட்ல வயசான தாத்தாவும் ஆச்சியும் மட்டும் இருக்காங்க, ஓட்ட ஆளில்ல, ஒரு மாசத்துக்கு மேல நிக்கும்னா மைனஸ் வயரக் கழட்டிப் போட்டுருங்க. இது மெக்கானிக் வந்துதான் செய்யணும்னு இல்ல, ஒரு 10-ம் நம்பர் ஸ்பேனர் இருந்தாப் போதும், பெரும்பாலான வண்டிக்கு அதுதான். மொதல்ல கண்ணாடியெல்லாம் ஏத்திருங்க, பின்னால ஏத்த முடியாது. சாவிய எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் விட்டுட்டு பானட்டத் தெறங்க. பேட்டரி மேல ரெண்டு முனை இருக்கும், ஒண்ணுக்கு சிவப்பு மூடி போட்டு + குறி இருக்கும், அதத் தொடவே வேண்டாம், இன்னொண்ணு கறுப்பு வயர், அது வண்டியோட பாடில போயி சேரும், அதுதான் மைனஸ். அந்த நட்ட முழுசாக் கழட்ட வேண்டாம், லூஸ் பண்ணிட்டு கிளாம்ப அப்படியும் இப்படியும் பைய திருகி மேல தூக்குனா வந்துரும், வரலன்னு சுத்தியல வச்சுத் தட்டாதீங்க, முனை ஒடிஞ்சா பேட்டரியே போச்சு. கழட்டுன வயர ஒரு காஞ்ச துணில சுத்தி ஓரமா வளச்சு விட்டுருங்க, இல்லன்னா அந்தக் கட்டி வயரு ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்து முனைலயே உக்காந்துக்கிடும், நீங்க கழட்டிட்டோம்னு நெனைச்சுக்கிட்டு ஊருக்குப் போயிருவீங்க.

ஏன் மைனஸ மொதல்லன்னு கேப்பீங்க. ப்ளஸ்ஸக் கழட்டும்போது ஸ்பேனர் கை தவறி பக்கத்துல உள்ள இரும்புல பட்டா நேரா ஷார்ட், பொறி பறக்கும், ஸ்பேனரே சிவந்து போற அளவுக்கு கரண்ட் பாயும், கைல மோதிரம் கெடந்தா அது தனிக் கத. மைனஸ்ல ஸ்பேனர் பாடில பட்டா ஒண்ணும் ஆகாது, ரெண்டும் ஒண்ணுதான். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி.

கழட்டிட்டா ரிமோட் வேலை செய்யாது, டிரைவர் கதவ இரும்புச் சாவி போட்டுத்தான் பூட்டணும், பட்டன் சாவிக்குள்ளயும் ஒரு குட்டி இரும்புச் சாவி ஒளிச்சு வச்சிருப்பாங்க, அத எப்படி எடுக்கதுன்னு இப்பவே பாத்துக்கிடுங்க. டிக்கி சில வண்டில கரண்ட்லதான் தெறக்கும், அதனால உள்ள வேண்டிய சாமான் ஏதும் இருந்தா முன்னாடியே எடுத்துருங்க. திரும்ப மாட்டுன பொறவு கடிகாரம் தப்பு டைம் காட்டும், ஒரு அமுக்குல தானா ஏறுற கண்ணாடி ஏறாது (சுவிட்ச்ச மேல இழுத்து சில செகண்ட் பிடிச்சிருந்தா சரியாயிரும்), அலாரம் ஒருதடவ கத்தித் தெருவக் கூட்டலாம், இஞ்சின் மொதல் நாள் ஐடில்ல லேசா மேல கீழ ஆடலாம், எல்லாம் தானா சரியாவுற விஷயம்தான். சில மியூசிக் சிஸ்டம் மட்டும் ஒரு கோடு நம்பர் கேக்கும், அது வண்டி வாங்கும்போது குடுத்த புக்குல இருக்கும், கழட்டுததுக்கு முன்னாடி அந்த புக்கத் தேடி வச்சிருங்க. ஸ்பேனர் பிடிக்கதே சிரமம்னா மைனஸ் முனைல மாட்டுற கட் ஆஃப் சுவிட்ச் கடைல கெடைக்கு, ஒரு குமிழத் திருகுனா கனெக்சன் விட்டுரும், தாத்தாவே செஞ்சிருவாரு.

கழட்டுனா எவ்வளவு வித்தியாசம் வரும்னு பாருங்க. வயர் இல்லாம சும்மா வச்சிருந்தாலும் பேட்டரி தனக்குத்தானே கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஆனா அது மாசத்துக்கு நூத்துக்கு 3, 5 அளவுதான், நம்ம ஊரு வெயில்ல கூட்டி 10ன்னே வச்சாலும் மாசத்துக்கு மூணரை குடம். வயரோட இருந்தா மாசத்துக்கு 30 குடம். நல்ல பேட்டரியா இருந்து முழு சார்ஜ்ல கழட்டி வச்சா மூணு மாசம் கழிச்சு வந்து மாட்டுனாலும் செல்ஃப் எடுக்கும். முழு சார்ஜ்லங்கது முக்கியம், பாதி இறங்குன பேட்டரியக் கழட்டி வச்சுட்டுப் போனா மேல சொன்ன மாதிரி பிளேட்டு இறுகத்தான் செய்யும், அதனால கழட்டுததுக்கு முந்தின நாள் ஒரு நீள ஓட்டம் ஓட்டிருங்க.

சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும்? எலக்ட்ரிக்கல் கடைல சாதா மல்டிமீட்டர் கம்மி விலைக்குக் கெடைக்கு, ஒண்ணு வாங்கிப் போடுங்க, வீட்ல வேற நூறு வேலைக்கு ஆவும். டிசி 20 வோல்ட்ல வச்சு சிவப்புக் கம்பிய ப்ளஸ்லயும் கறுப்ப மைனஸ்லயும் தொடணும். 12.6-க்கு மேல இருந்தா ஃபுல், 12.4 வந்தா முக்கா, 12.2 பாதி, 12-ன்னா கால்தான் மிச்சம், 11.8-க்கு கீழ போயிட்டுன்னா காலின்னே வச்சுக்கிடலாம். 12-ன்னு காட்டுதே, 12 வோல்ட் பேட்டரிதானே, சரியாத்தானே இருக்குன்னு ஏமாறுதவங்க நெறைய பேரு. இன்னொண்ணு, வண்டி ஓட்டிட்டு வந்து நிப்பாட்டுன உடனே பாத்தா 12.9கூட காட்டும், அது பொய், மேலாப்புல நிக்குற சார்ஜ், ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல பானட்டத் தெறந்து பாத்தாத்தான் உண்மை தெரியும். இஞ்சின் ஓடும்போது 13.8-ல இருந்து 14.5-க்குள்ள காட்டுனா டைனமோ நல்லா இருக்கு (சில புது வண்டில இது ஏறி இறங்கும்), ஓடும்போதும் 12 சொச்சமே காட்டுனா பேட்டரியத் திட்டாதீங்க, டைனமோவப் பாருங்க.

சில மெக்கானிக்மாரு டைனமோவ செக் பண்ணுததுக்கு இஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரப் பிடுங்கிப் பாப்பாங்க, பழைய டீசல் வண்டில பழகுன பழக்கம். இப்ப உள்ள வண்டில அப்படிச் செஞ்சா வோல்டேஜ் துள்ளி கம்ப்யூட்டரே அடிபட்டுரும். யாராவது அப்படிக் கைய வச்சா "அண்ணாச்சி, வேண்டாம்"னு தடுத்துருங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கிடட்டும்.

கழட்டவும் பிடிக்கல ஓட்டவும் ஆளில்லன்னா சார்ஜர் இருக்கு. சும்மா சார்ஜர் இல்ல, ஆட்டோமேட்டிக், ஃபுல் ஆன பொறவு தானா குறைஞ்சு 13.5 வோல்ட் பக்கத்துல நிக்குற மாதிரி உள்ளது. ஷெட்ல பிளக் பாயிண்ட் இருந்தா அத மாட்டி மாசக்கணக்குல விட்டுரலாம். பழைய காலத்து டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர அப்படி விடக்கூடாது, நிப்பாட்டத் தெரியாது அதுக்கு, தண்ணியக் கொதிக்க விட்டு பேட்டரிய சாவடிச்சிரும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், காத்தோட்டமா வைங்க, பக்கத்துல நின்னு பீடி பத்த வைக்காதீங்க. சோலார்ல 5 வாட் பேனல் ஒண்ணும் வருது, நம்ம வெயிலுக்கு ஒரு நாளைக்கு 1 ஆம்பியர் அவர் பக்கம் குடுத்துரும், ஒழுகுறதுக்கும் ஏறுறதுக்கும் சரியாப் போயிரும். ஆனா ஷெட்டுக்குள்ள நிக்குற வண்டிக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல, அதோட சிகரெட் லைட்டர் ஓட்டைல சொருகுனா பல வண்டில சாவி ஆஃப்ல இருக்கும்போது அந்த வழி அடைச்சிருக்கும், நேரா பேட்டரிலதான் குடுக்கணும்.

வெயிலப் பத்தி சொன்னேன்லா, குளிர் நாட்டுக்காரன் பனில செல்ஃப் எடுக்கலன்னு அழுவான், நமக்கு எதிரி கத்திரி வெயில்தான். சூடு 10 டிகிரி கூடுனா தானா இறங்குற வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காவும், உள்ள இருக்க தண்ணியும் வத்தும், பிளேட்டும் வெரசா அரிக்கும். முடிஞ்சா நெழல்ல போடுங்க, வேப்பமரத்தடி நல்ல எடம்தான், காக்கா எச்சத்துக்கு கவர் போட்டுக்கிடுங்க. மூடி தெறக்குற மாதிரி பேட்டரின்னா தண்ணி அளவப் பாத்து டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊத்துங்க. தாமிரபரணித் தண்ணி மாதிரி தண்ணி உலகத்துலயே கெடையாதுன்னு நாம சொல்லுவோம், குடிக்கதுக்கு சரிதான், பேட்டரிக்கு அது விஷம், அதுல உள்ள உப்பும் தாதுவும் பிளேட்டக் கெடுத்துரும். ஆசிட்டும் ஊத்தாதீங்க, வத்துதது தண்ணி மட்டும்தான், ஆசிட் உள்ளயேதான் இருக்கு.

முனைல வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா சுடுதண்ணில ஆப்பசோடா கரைச்சு ஊத்தி பழைய பல்லு பிரஷால தேச்சா நுரை தள்ளி வந்துரும், தண்ணி உள்ள போகாம மூடிய இறுக்கிட்டுச் செய்யணும், காஞ்ச பொறவு லேசா வாசலின் தடவுங்க. பாதி நேரம் பேட்டரி நல்லாத்தான் இருக்கும், இந்தப் பூப்புனாலதான் கரண்ட் போகாம டிக் டிக்னு நிக்கும்.

ரொம்ப நாள் நிப்பாட்டுதவங்க ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல விட்டு டயருக்கு கல்லு வைங்க, டயர்ல காத்து கொஞ்சம் கூட அடிங்க, பானட்டுக்குள்ள எலி வயரக் கடிக்குதான்னு வீட்ல இருக்கவங்கள எப்பவாவது பாக்கச் சொல்லுங்க. மழைக்காலத்துல தாழ்வான எடம்னா மைனஸ் கழட்டி வைக்கது இன்னொரு வகைல நல்லது, 2023 டிசம்பர் வெள்ளத்த நாம யாரும் மறக்கல, தண்ணிக்குள்ள நின்ன வண்டில பேட்டரி கனெக்சன் இருந்தா நனைஞ்ச கனெக்டரெல்லாம் கரண்ட் பாஞ்சு வெரசாப் பச்சை பூத்துரும்.

இவ்வளவும் படிச்சதுக்கு முன்னாடியே பேட்டரி இறங்கிட்டுன்னா ஜம்பர் கேபிள்தான். சிவப்பு மொதல்ல செத்த பேட்டரி ப்ளஸ்ல, பொறவு நல்ல வண்டி ப்ளஸ்ல, கறுப்பு நல்ல வண்டி மைனஸ்ல, கடைசி முனை மட்டும் செத்த வண்டியோட இஞ்சின் இரும்புல, பெயிண்ட் இல்லாத எடமா, பேட்டரிக்குத் தள்ளி. பொறி பறந்தாலும் பேட்டரி வாயுகிட்ட பறக்கக் கூடாதுன்னுதான் அப்படி. நல்ல வண்டி அஞ்சு பத்து நிமிஷம் ஓடட்டும், அப்புறம் செல்ஃப் அடிங்க, எடுத்துட்டா மாட்டுன வரிசைக்கு நேர் தலகீழா கழட்டுங்க. தள்ளி ஸ்டார்ட் பண்ணுதது ஆட்டோமேட்டிக் கியர் வண்டில நடக்கவே நடக்காது, மேனுவல்ல ரெண்டாவது கியர்ல நடக்கும், ஆனா பேட்டரி ஒட்டுமொத்தமா காலின்னா இஞ்சின் கம்ப்யூட்டரே முழிக்காது, தெருப் பயலுவ எல்லாரும் சேந்து வண்ணார்பேட்டை பாலம் வரைக்கும் தள்ளுனாலும் எடுக்காது.

ஜம்ப் குடுத்து எடுத்துட்டா அதோட விட்டுராதீங்க. அடிமட்டத்துக்குப் போன பேட்டரிய டைனமோ முழுசா ஏத்தாது, டைனமோவுக்கும் அது பாரம், நேரா பேட்டரிக் கடைல குடுத்து ஒரு ராத்திரி ஸ்லோ சார்ஜ் போடச் சொல்லுங்க, மறுநாள் லோடு டெஸ்டர் வச்சுப் பாத்து தேறுமா தேறாதான்னு சொல்லிருவாங்க. தேறாதுன்னா புதுசுதான், பழைய பேட்டரிய அங்கயே குடுத்தா ஈயத்துக்கு ஒரு விலை போட்டு பில்லுல கழிச்சுக்கிடுவாங்க, கழிச்சாங்களான்னு பில்லப் பாத்து கேட்டு வாங்குங்க.